லீவர் துப்பாக்கியோடு மான் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்துவிட்டால் பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதினான்கு வருடமாக இந்த மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறேன். முதல் இரண்டு வருடம் தவிர, மற்ற வருடங்கள் எல்லாம் 1950-களில் செய்த வின்செஸ்டர் 94 என்ற லீவர் துப்பாக்கிதான் கையில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

லீவர் துப்பாக்கி என்றால் எது?

பழைய கௌபாய் படங்களில் குதிரைமேல் இருப்பவர் விசைக்குக் கீழே உள்ள வளையத்தை 'சடக்'கென்று கீழே தள்ளி மேலே இழுப்பாரே, அதுதான். அந்த வளையம்தான் லீவர். கீழே தள்ளும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். பின்னால் இருக்கும் சின்னச் சுத்தியல் சாய்ந்து தயாராக நிற்கும். மேலே இழுக்கும்போது, குழலுக்கு அடியிலேயே ஓடும் இன்னொரு குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி உள்ளே உட்காரும்.

1860-இல் வந்த ஹென்றி துப்பாக்கி, அதைத் தொடர்ந்து 1866, 1873 வின்செஸ்டர்கள் எல்லாம் இந்த வகைதான். ஆனால் அவை சுட்டவை கைத்துப்பாக்கி அளவுத் தோட்டாக்கள். மான் வேட்டைக்காரனின் தோளில் நிரந்தரமாக இடம்பிடித்தது 1894-ஆம் ஆண்டு மாடல். யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டருக்குக் கொடுத்தது. அடுத்த வருடமே, 1895-இல், புகையில்லா மருந்து போட்ட .30-30 தோட்டா அதற்கென்று வந்தது. இங்கே எல்லோரும் 'தர்ட்டி-தர்ட்டி' என்பார்கள். முதல் முப்பது குழலின் விட்டம், ஒரு அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. இரண்டாவது முப்பது, ஆரம்பத்தில் அதில் போட்ட மருந்தின் எடை: 30 கிரெய்ன், அதாவது இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

இதைவிட நல்ல துப்பாக்கிகள் இருக்கின்றனவே, ஏன் இது?

இருக்கின்றன. இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் துப்பாக்கியும் (பக்கத்தில் நீட்டியிருக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஒரு ஸ்கோப்பும், அதாவது மேலே மாட்டும் தொலைநோக்கியும், இருந்தால், பழகியவர் 300 கெஜத்தில் நிற்கும் மானை உட்கார்ந்த இடத்திலிருந்தே வீழ்த்தலாம். என் முதல் இரண்டு வருடமும் அப்படித்தான். மான் கிடைத்தது. ஆனால் மானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழுப்புப் புள்ளி, சுட்டேன், விழுந்தது.

வின்செஸ்டர் கைக்கு வந்ததும் நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன்: 100 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை. கிட்டத்தட்ட 90 மீட்டர். துப்பாக்கி அதற்கு மேலும் போகும். ஸ்கோப் இல்லாமல் என் கண்தான் போகாது. அந்த ஒரு வரம்பு வேட்டையையே வேறொன்றாக மாற்றிவிட்டது. மான் என்னிடம் வராது, நான்தான் அதனிடம் போகவேண்டும். போகவேண்டும் என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இந்த வருடம் எந்த ஓக் மரத்தடியில் கொட்டை உதிர்ந்திருக்கிறது, பகலில் எந்தப் புதருக்குள் படுக்கிறது, கூட்டமாகப் போகும்போது முன்னால் போகும் கிழப் பெட்டை எங்கே நின்று திரும்பிப் பார்க்கும் என்று எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். அக்டோபர் முழுக்கத் துப்பாக்கி இல்லாமல் அந்தக் காட்டில் நடப்பேன். என்னைப் பொறுத்தவரை வேட்டையில் முக்கால் பங்கு அதுதான்.

இன்னொன்று, இந்தத் துப்பாக்கி இந்தக் காட்டுக்காகவே செய்ததுபோல இருக்கும். மாநிலத்தின் வடக்கே, பாட்டர் கவுன்டிப் பக்கம் ஹெம்லாக் மரங்களும் இடுப்பளவு மௌண்டன் லாரல் புதரும் மண்டிய சரிவுகள். 80 கெஜம் கண் ஓடினாலே பெரிது. அங்கே நீளமான குழலும் பெரிய ஸ்கோப்பும் கிளைகளில் மாட்டிக்கொண்டே இருக்கும். 94 மூன்று கிலோதான். நடுப்பகுதி பட்டையாக, புடைப்பு ஒன்றும் இல்லாமல் இருப்பதால், அதன் சமநிலை விழும் இடத்தில் ஒரு கையால் சுற்றிப் பிடித்து நாள் முழுக்க நடக்கலாம். அந்த இடத்தில் என் துப்பாக்கியின் கருநீலப் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறமாகிவிட்டது. பாதித் தேய்மானம் எனக்கு முன்னால் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. அவர் பிடித்த இடத்தில்தான் என் விரல்களும் போய் உட்காருகின்றன.

எந்த மாடல்களை 'கிளாசிக்' என்று சொல்வீர்கள்?

மூன்றைச் சொல்வேன்.

வின்செஸ்டர் 94 பற்றிச் சொல்லிவிட்டேன். 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1964-இல் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றினார்கள். அதனால் '64-க்கு முந்தையது' என்றால் இன்றும் தனி மதிப்பு. நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-இல் மூடியது. இப்போது அதே பெயரில் வருவதை ஜப்பானில் மிரோகு நிறுவனம் செய்கிறது. வேலைப்பாடு மிக நன்றாக இருக்கிறது.

இரண்டாவது மார்லின் 336. 1948-இல் வந்தது. பழைய 94-இல் வெற்றுக்கூடு மேல்பக்கமாக வெளியே வரும், மார்லினில் வலப்பக்கமாக வரும். மேல்பக்கம் மூடிய இரும்பு என்பதால் ஸ்கோப் மாட்டுவது சுலபம். கண் சரியில்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் கனம் அதிகம். மார்லின் கை மாறிக் கை மாறி 2020-இல் ரூகர் நிறுவனத்திடம் போனது; 336-ஐ 2023-லிருந்து மறுபடியும் செய்கிறார்கள்.

மூன்றாவது சாவேஜ் 99. எனக்குச் சொந்தமாக இல்லை, ஆசை மட்டும் உண்டு. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜின் மூளை அது. வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. குழலுக்கு அடியில் குழாய்க்குப் பதிலாக, உள்ளே சக்கரம்போல் சுழலும் தோட்டா அறை. பழையவற்றில் இடப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் பித்தளை எண் ஒன்று தெரியும், இன்னும் எத்தனை தோட்டா மிச்சம் என்று. ஒரு முறை நண்பர் ஒருவருடையதைக் கையில் வாங்கி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு அந்த எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நூறு வருடத்துக்கு முந்தைய பொருள், கைக்கடிகாரம்போல் ஓடியது.

தோட்டா நுனி ஏன் தட்டையாக இருக்கிறது?

குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் நிற்பதன் நுனி, முன்னால் நிற்பதன் பின்புறத்தில் இருக்கும் எரிமருந்துப் பொட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். நுனி கூர்மையாக இருந்தால், சுடும்போது வரும் உதையில் அது ஊசிபோல் அந்தப் பொட்டைக் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால்தான் தட்டை. சாவேஜில் தோட்டாக்கள் பக்கவாட்டில் நிற்பதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஹார்னடி நிறுவனம் ரப்பர்போல் நசுங்கும் கூர்நுனி வைத்த தோட்டா ஒன்று விற்கிறது. அது குழாய்க்கு ஆகும். சாதாரணக் கூர்நுனித் தோட்டாவை ஒருபோதும் குழாயில் போடாதீர்கள்.

.30-30 ஒரு மானுக்குப் போதுமா?

போதும். வழக்கமான 150 கிரெய்ன் குண்டு, பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, நொடிக்கு ஏறத்தாழ 2,400 அடி வேகத்தில் புறப்படும். தூரம் போகப்போக வேகமாகத் தளரும். 150 கெஜத்துக்குள் வெள்ளைவால் மானின் முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். தப்பான இடத்தில் பட்டால் எந்தப் பெரிய தோட்டாவாலும் பயனில்லை.

எப்போது, எந்தச் சட்டத்தில்?

பென்சில்வேனியாவில் மானுக்கான ரைஃபிள் பருவம் பல தலைமுறையாக நன்றி கூறும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. அன்று கிராமத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்கள். 2019-லிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரை சுடலாம். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணிந்திருக்கவேண்டும், எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி. குடியிருக்கும் வீடுகளிலிருந்து 150 கெஜத்துக்குள் அனுமதியில்லாமல் வேட்டையாடக் கூடாது. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களால் இங்கே மானைச் சுட அனுமதி இல்லை. லீவருக்கு உண்டு. இந்த மாநிலத்தில் லீவர் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு முடியுமா?

அதிகம் வரும் கேள்வி இது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா விஷயத்தில் ஒரு சின்னப் பிழை வாழ்க்கையையே புரட்டிப்போடும். அதனால் என் வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உரிமம் வாங்கும் முன் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்கவேண்டும். யாராயிருந்தாலும் சரி, வேட்டைக்குப் போகாதவர்கள்கூட அதில் ஒரு முறை உட்காரலாம். காட்டைப் பற்றி அவ்வளவு கற்றுத் தருகிறார்கள்.

முதல் முறை எப்படி இருந்தது?

லீவர் துப்பாக்கியோடு முதல் பருவத்தில் நான் தோற்றேன். 40 கெஜத்தில் ஒரு ஆண் மான். முதல் குண்டு நடுவில் இருந்த சின்ன பீச் (beech) மரத்தில் பட்டது. மான் என்ன சத்தம் என்று தெரியாமல் நின்றது. நான் பதற்றத்தில் லீவரைப் பாதிவரைதான் தள்ளி மேலே இழுத்தேன். தோட்டா குறுக்கே சிக்கிக்கொண்டது. மான் என்னைப் பார்த்தது, வெள்ளை வாலைக் கொடிபோல் தூக்கியது, மூன்று தாவலில் மறைந்தது. அதற்கப்புறம் அந்தக் கோடை முழுக்கத் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி, மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு, லீவர் கீழே முட்டும்வரை தள்ளி முழுசாக இழுக்கப் பழகினேன். புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: மெதுவாக வேண்டாம், பாதியில் வேண்டாம், தள்ளினால் கடைசிவரை தள்ளு.

அடுத்த வருடம் இரண்டாம் நாள். இரவு பனி விழுந்து, மேலே புது மாவுபோல் இருந்தது. ஒரு சுவட்டைப் பிடித்துக் காற்றுக்கு எதிராக நடந்தேன். மூன்று அடி வைப்பது, நிற்பது, பார்ப்பது. 200 கெஜம் போக ஒரு மணி நேரம் ஆனது. முழு மானைத் தேடக்கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். மரங்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும் காட்டில் படுக்கைவசமாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகு. எனக்கு அந்தக் கோடு தெரிந்தது. பிறகு ஒரு காது அசைந்தது. 50 கெஜம் இருக்கும்.

கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தேன். அந்தச் சின்ன 'க்ளிக்' அமைதியில் ஊருக்கே கேட்டதுபோல் இருந்தது. மான் தலையைத் தூக்கியது. குழல்மேல் இருக்கும் முன்குறியின் மணி பின்குறியின் பள்ளத்தில் உட்கார்ந்தது, நான் சுட்டேன். கை தானாகவே லீவரை முழுசாகத் தள்ளி இழுத்துவிட்டது. இரண்டாவது தேவைப்படவில்லை. காலடியில் பனியில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் பித்தளைக்கூடு, அதிலிருந்து நூலாக ஆவி.

பெட்டை மான். பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. இமை முடியில் பனித்துகள் உருகிக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லமுடியாது. தொண்டை அடைத்தது, கை நடுங்கியது, நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது. சொன்னேன், தமிழில். பிறகு அடையாளச் சீட்டை எழுதிக் காதில் கட்டினேன். அதைக் கட்டாமல் மானை அங்கிருந்து நகர்த்தக்கூடாது.

மானைக் கொல்வது பாவம் இல்லையா?

என் அம்மாவும் இதைக் கேட்டார். கோழிக் குழம்பு வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தக் கோழியை நான் பார்த்ததே இல்லை. இந்த மானை நான் பார்த்தேன். எங்கே மேய்ந்தது, எங்கே படுத்தது என்றுகூடத் தெரியும். இறைச்சி சாப்பிடுகிறவன் ஒரு முறையாவது அந்தப் பொறுப்பைத் தன் கையால் ஏற்கவேண்டும் என்பது என் எண்ணம். இறைச்சியே வேண்டாம் என்று வாழ்கிறவர்கள் முன்னால் எனக்கு வாதம் இல்லை. அவர்கள் வழி பெரியது.

காட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மான் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. மரம் முழுக்க வெட்டினார்கள், விற்பனைக்காகக் கணக்கில்லாமல் சுட்டார்கள். 1895-இல் மாநில வேட்டை ஆணையம் அமைந்தது. 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் ஆண் மானை மட்டுமே சுடலாம் என்று சட்டம் வந்தது. ஓநாயும் மலைச்சிங்கமும் போய்விட்ட காட்டில் மான் பெருகியது, பிறகு மிகவும் பெருகியது. ஓக், ஹெம்லாக் கன்றுகளை முளைத்ததும் தின்றுவிடுவதால், அரசுக் காடுகளில் மரம் வெட்டிய இடங்களுக்கு உயர வேலி போடவேண்டியிருக்கிறது. வேலிக்கு உள்ளே இளமரக் காடு, வெளியே பெரணி மட்டும். அதை ஒரு முறை நேரில் பார்த்தால் போதும். இப்போது வருடத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் மான் வேட்டையாடப்படுகிறது. அப்படியும் இனம் குறையவில்லை. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிடிக்கும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. காட்டு மானின் இறைச்சியை விற்கக்கூடாது.

நம் ஊரில் இதைச் செய்யலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். அங்கே காடும் மானும் மனிதர்களும் இருக்கும் நிலைமை வேறு. இங்கே நடப்பதைக் காட்டி அங்கே நியாயம் கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பழைய லீவர் துப்பாக்கி ஆபத்தானதா?

கவனம் தேவை. பழைய 94-இல் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. சுத்தியலை அரைநிலையில் நிறுத்திவைப்பதுதான் பாதுகாப்பு. சுடாமல் விடும்போது, சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து, விசையை அழுத்தி, மெதுவாகக் கீழே விடவேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். எனவே அந்த நேரத்தில் குழல் நுனி வெறும் மண்ணைப் பார்த்திருக்கவேண்டும், கையுறையைக் கழற்றியிருக்கவேண்டும். மரத்துப்போன விரலோடு செய்யாதீர்கள். நாள் முடிவில் குழாயைக் காலி செய்ய ஒவ்வொரு தோட்டாவாக லீவரை இயக்கித்தான் வெளியே எடுக்கவேண்டும். அப்போது விரல் விசைப்பக்கமே போகக்கூடாது. போட்டது ஐந்து என்றால் பனியிலிருந்து ஐந்தையும் பொறுக்கி எண்ணுவேன். அதற்கப்புறம் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன்.

இறைச்சியை என்ன செய்வீர்கள்?

முதலில் ஒன்று. இங்கே சில பகுதிகளில் மான்களுக்கு மூளையை அரிக்கும் ஒரு நோய் இருக்கிறது. மாநிலத்தில் முதலில் 2012-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதிகளில் தலையைப் போட ஆணையம் பெட்டிகள் வைத்திருக்கும், இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை நாங்கள் சாப்பிடுவதில்லை.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுவேன், ஈயத்துகள் இருக்கும். கொழுப்பையும் எடுத்துவிடவேண்டும், மான் கொழுப்பு ஆறினால் மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும். தொடையைக் கைமாவாக்கி வடை தட்டுவோம். முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் நீளச் சதைதான் அருமை. அதை விரல் அளவு வெட்டி, உப்பு, இடித்த மிளகு, பூண்டு பிசறி ஒரு மணி நேரம் வைத்து, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு நான்கு நிமிடம் மட்டும். ஆட்டுக்கறிபோல் நினைத்து வேகவிட்டால் செருப்புத்தோல் ஆகிவிடும். ஒவ்வொரு வருடமும் முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பெரியவர் இப்போது வேட்டைக்கு வருவதில்லை, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, எந்தச் சரிவில், காற்று எந்தப் பக்கம், எத்தனை அடியில் என்று கேட்பார். 43 அடி என்றேன் போன வருடம். எழுந்துபோய்த் தன் கூடத்தில் அந்தத் தூரத்தை நடந்து அளக்கப் பார்த்தார். கூடம் பத்தாமல் வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே பனியில் இறங்கி நின்று, இங்கேயா என்றார்.